பருவம் மாறினால் ஆட்டமும் மாறட்டும்: தென்னாப்பிரிக்காவில் பிள்ளையை விளையாட்டில் சேர்க்கும் பெற்றோருக்கு

ஜனவரியில் பள்ளி திறந்த கையோடு ஒரு தாள் வீட்டுக்கு வரும். கோடை விளையாட்டில் எதில் சேர்கிறாய் என்று பிள்ளையைக் கேட்கும் தாள். தமிழ்நாட்டிலிருந்து டர்பனுக்கோ ஜோஹானஸ்பர்குக்கோ வேலை மாற்றலாகி வந்த குடும்பங்களுக்கு இதுவே ஒரு வியப்பு. நம் ஊரில் பல பள்ளிகளில் பரீட்சை நெருங்கினால் பி.டி. பீரியட் காணாமல் போய்விடும். இங்கே பாடம் முடிந்ததும் மைதானம் தொடங்குகிறது. சனிக்கிழமை காலை வேறு பள்ளியோடு ஆட்டம் இருக்கும். அம்மா அப்பாக்கள் மடக்கு நாற்காலியையும் கூலர் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்த நாற்காலிகளில்தான் எங்கள் கதை தொடங்கியது. நான் மதுரையில் பிறந்து, கல்யாணமாகி டர்பனுக்கு வந்தவள். கணவர் வீட்டார் நான்கைந்து தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் வாரிசுகள். மூத்தவன் பதினொரு வயதில் வேகப்பந்து வீசத் தொடங்கினான். பக்கத்து நாற்காலிக்காரர், "பையன் நல்லா போடுறான், அகாடமியில சேத்து விடுங்க, இப்பவே ஆரம்பிச்சாத்தான் உண்டு" என்றார். டர்பனில் பிறந்த செனுரான் முத்துசாமி 2019-இல் விசாகப்பட்டினத்தில் தென்னாப்பிரிக்காவுக்காக டெஸ்ட் ஆடியதை வீட்டில் எல்லோரும் டிவியில் பார்த்திருந்தோம். நம் பெயர் வைத்த பையன் ஒருவன் அந்தப் பச்சைத் தொப்பியைப் போட்டால் எந்தத் தமிழ் வீட்டில்தான் ஆசை முளைக்காது? சேர்த்துவிட்டோம்.

மார்ச்சில் பள்ளியில் கிரிக்கெட் முடிந்தது. அகாடமியில் முடியவில்லை. குளிர்காலம் முழுக்க உள்ளரங்க நெட்ஸ், வாரம் நான்கு நாள். அடுத்த ஆண்டும் அப்படியே. ஆகஸ்டில் முதுகு வலிக்கிறது என்றான். பள்ளிப் பை கனம் என்று நினைத்தோம். நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றினேன். ஏழு வாரம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோது முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில், இடப்பக்கம், எலும்பில் விரிசல். அவன் வலக்கைப் பந்துவீச்சாளன். வலக்கையால் வேகமாக வீசும் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடப்பக்கம்தான் இப்படி விரியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அந்த ஏழு வாரம் உங்கள் வீட்டில் நடக்கக்கூடாது. அதற்காகவே இதை எழுதுகிறேன். விளையாட்டை நிறுத்தச் சொல்லும் கட்டுரை இல்லை இது. ஓடியாடி வளரும் பிள்ளைக்கு எலும்பு கெட்டிப்படும். அந்த வயதில் சேர்கிற எலும்புப் பலம் ஆயுசுக்கும் உதவும். ஒரே ஆட்டத்தை, ஒரே அசைவை, ஆண்டு முழுக்கச் சின்ன வயதிலேயே செய்ய வைப்பதுதான் சிக்கல்.

முதலில், வளரும் எலும்பைப் பற்றி

பிள்ளையின் எலும்பு பெரியவர் எலும்பின் சின்ன வடிவம் இல்லை. நீளமான எலும்புகளின் முனைப் பக்கத்தில் குருத்தெலும்பாலான ஒரு தட்டு இருக்கிறது. அதை வளர்தட்டு என்கிறார்கள். எலும்பு நீள்வது அங்கேதான். வளர்ந்து முடிந்ததும் அது எலும்பாகவே மூடிக்கொள்ளும். பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 13-லிருந்து 15 வயதுக்குள், ஆண்பிள்ளைகளுக்கு 15-லிருந்து 17-க்குள் பெரும்பாலானவை மூடிவிடும். அதுவரை அந்த இடம் சுற்றியுள்ள எலும்பைவிடவும் தசைநாரைவிடவும் மென்மையானது. பெரியவருக்குச் சுளுக்காகப் போகும் ஓர் இழுப்பு பிள்ளைக்கு வளர்தட்டில் காயமாகலாம்.

வேகமாக வளரும் காலத்தில் இன்னொன்றும் நடக்கிறது. எலும்பு முதலில் நீள்கிறது, தசை பின்னால்தான் வருகிறது. அந்த இடைவெளியில் தசை இறுகி, எலும்போடு ஒட்டும் இடத்தைப் பிடித்து இழுக்கும். முழங்கால் சில்லுக்குக் கொஞ்சம் கீழே புடைத்து வலித்தால் அது ஆஸ்குட்–ஸ்லாட்டர். குதிகாலின் பின்பக்கம் வலித்தால் சீவர்ஸ். ஆட்டத்தைக் குறைத்து, தசையை நீட்டி, பலப்படுத்தினால் இரண்டும் பெரும்பாலும் சரியாகிவிடும். நீச்சலில் தோள், ஜிம்னாஸ்டிக்ஸில் மணிக்கட்டு, வேகப்பந்தில் இடுப்புக்குச் சற்று மேலே முதுகு: எந்த அசைவு திரும்பத் திரும்ப நடக்கிறதோ அந்த இடம் முதலில் முனகும்.

சில காயங்கள் அப்படிப் போய்விடுவதில்லை. முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் ஏ.சி.எல். தசைநார் அறுந்தால், அறுவை சிகிச்சை செய்தாலும், 10 முதல் 20 ஆண்டுக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மூட்டுத் தேய்மானம் தெரிகிறது. பதினைந்து வயதில் அறுந்தால் முப்பது வயதில் மாடிப்படி ஏறச் சிரமம் என்று பொருள். வளரும் வயதில் கால்பந்தை மிகக் கடுமையாக ஆடும் பையன்களிடம் தொடையெலும்பின் தலைப்பகுதி உருண்டையாக இல்லாமல் கொஞ்சம் முண்டாக வளர்வதை அதிகம் காண்கிறார்கள். பிற்காலத்தில் இடுப்பு மூட்டுத் தேய்மானத்தோடு அதற்குத் தொடர்பு உண்டு. பிள்ளையின் மூட்டைப் பற்றி இன்று எடுக்கும் முடிவின் கணக்கு நாற்பது ஆண்டு கழித்தும் வரும்.

பள்ளியின் பருவ அட்டவணையை நம்புங்கள்

எல்லாப் படிகளிலும் இதுதான் பெரியது. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இங்கே பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும், நான்கு தவணை. முதல் தவணையிலும் நான்காம் தவணையிலும் கோடை விளையாட்டு: கிரிக்கெட், நீச்சல், தடகளம், டென்னிஸ். இரண்டிலும் மூன்றிலும் குளிர்கால விளையாட்டு: கால்பந்து, ரக்பி, ஹாக்கி, நெட்பால். எந்தப் பள்ளியில் எதெது என்பது மாறும், பருவ மாற்றம் மாறாது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2016-இல் வெளியிட்ட பரிந்துரையைப் பாருங்கள். ஒரே விளையாட்டு என்று முடிவு செய்வதை 15, 16 வயது வரை தள்ளிப்போடுங்கள். முக்கியமாக ஆடும் விளையாட்டிலிருந்து ஆண்டுக்கு மொத்தம் மூன்று மாதமாவது, ஒவ்வொரு மாதமாகப் பிரித்தாவது, விலகியிருக்கட்டும். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு. இவ்வளவுதான். தென்னாப்பிரிக்கப் பள்ளியில் கிரிக்கெட் ஆடும் பையன் அட்டவணைப்படி நடந்தாலே ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை பந்து வீசுவதில்லை. மருத்துவர்கள் கேட்பது மூன்று மாதம். பள்ளி சும்மாவே ஆறு மாதம் தருகிறது. நாங்கள் மாதாமாதம் பணம் கட்டி அந்த ஆறு மாதத்தை அழித்தோம்.

அதனால் குளிர்காலத்தில் வேறு ஆட்டம். உங்கள் பிள்ளை அதில் சி அணியில் இருந்தால் இருக்கட்டும். கிரிக்கெட்டில் நேராக ஓடிவந்து ஒரு பக்கமாக முறுக்கும் உடம்பு, ஹாக்கியில் குனியும், கால்பந்தில் பக்கவாட்டில் பாயும். வேலை வேறு வேறு மூட்டுகளுக்குப் பகிர்ந்து போகும். பீட்டர்மாரிட்ஸ்பர்கில் பிறந்த ஜான்டி ரோட்ஸை நம் தலைமுறைக்கு 1992 உலகக் கோப்பையில் இன்சமாமைப் பறந்து ரன் அவுட் செய்தவராகத் தெரியும். அதே ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்குக்கான தென்னாப்பிரிக்க ஹாக்கி அணிக்கும் அவர் தேர்வானார். அணி தகுதி பெறாததால் போக முடியவில்லை. ஒருவரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் "ரெண்டு ஆட்டம் ஆடினா ஒண்ணுலயும் உருப்பட மாட்டான்" என்று யாராவது சொன்னால், எங்கள் மாகாணத்திலேயே பதில் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. பல ஆட்டம் என்றால் ஒரே பருவத்தில் பல ஆட்டம் இல்லை. திங்கள் நீச்சல், செவ்வாய் கிரிக்கெட், புதன் டென்னிஸ், வியாழன் மறுபடி கிரிக்கெட் என்று ஓடும் பிள்ளைக்கும் ஓய்வு கிடையாது. பருவத்துக்கு ஒன்று முக்கியம், மற்றது பொழுதுபோக்கு.

ஜிம்னாஸ்டிக்ஸ் மாதிரி சில துறைகளில் முன்னதாகவே தொடங்கித்தான் ஆக வேண்டியிருக்கும். அங்கே மணிக்கணக்கையும் வலியையும் இன்னும் கூர்மையாகக் கவனிக்க வேண்டும்.

டர்பனில் தமிழ் வீடுகளுக்கு இன்னொரு வசதியும் உண்டு. புரட்டாசி. என் மாமியார் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது, கோயிலும் விளக்கும்தான். மூன்றாம் தவணை முடிந்து நான்காம் தவணை தொடங்கும் இடைவெளி அந்த நாட்களில்தான் வருகிறது. குளிர்கால ஆட்டம் முடிந்து கோடை ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு மூன்று வாரம் எந்தப் பயிற்சியும் வேண்டாம் என்று நாங்கள் அதோடு சேர்த்து வைத்துவிட்டோம். பிள்ளைகளும் கேள்வி கேட்பதில்லை, புரட்டாசி என்றால் புரட்டாசிதான்.

மணியை எண்ணுங்கள்

ஒரு நோட்டை எடுத்து ஒரு வாரம் எழுதுங்கள். பள்ளிப் பயிற்சி, கிளப், தனிக் கோச், சனிக்கிழமை ஆட்டம் எல்லாம் சேர்த்து எத்தனை மணி நேரம்? அந்த எண் பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது. பத்து வயது என்றால் வாரம் பத்து மணிக்குள்.

இது யாரோ வாய்க்கு வந்தபடி சொன்னது இல்லை. சிகாகோவில் 7 முதல் 18 வயது வரையுள்ள ஏறத்தாழ 1,200 இளம் ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். வயதைவிட அதிக மணி நேரம் பயிற்சி செய்தவர்களிடமும், சும்மா விளையாடுவதைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஒழுங்குபடுத்திய பயிற்சியில் இருந்தவர்களிடமும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் கடுமையான தேய்வுக் காயங்கள் கூடுதலாக இருந்தன. ஒரே ஆட்டத்தில் ஊறிப்போனவர்களுக்கும் அப்படித்தான்.

அந்த இரண்டாவது கண்டுபிடிப்பு என்னை அதிகம் உறுத்தியது. சும்மா விளையாடும் பிள்ளை கால் வலித்தால் உட்கார்ந்துகொள்ளும், சலித்தால் வேறு ஆட்டத்துக்குத் தாவும். கோச் முன்னால் அது முடியாது. எங்கள் மாமனார் காலத்தில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதித் தெருக்களில் டென்னிஸ் பந்தும் விக்கெட்டாகப் பால் பெட்டியும்தான் கிரிக்கெட். கோடையில் கிரிக்கெட், குளிரில் கால்பந்து. இருந்தது ஒரே மைதானம், ஒரே பையன் கூட்டம். அவர் எழுபதைத் தாண்டியும் காலையில் கடற்கரையில் நடக்கிறார். இப்போது வருகிறவர்கள் பெரும்பாலும் காவலாளி வைத்த வளாகங்களில் குடியிருக்கிறார்கள். தெருவில் விடப் பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் வளாகத்துக்குள்ளே கார் நிறுத்தும் இடத்தில் நான்கு பிள்ளைகளைச் சேர்த்துவிடுவது நம் கையில்தான் இருக்கிறது. ஒரு வீட்டில் சாயங்காலம் சாயாவும் பிஸ்கட்டும் என்று சொன்னால் கூட்டம் தானாகச் சேரும்.

வேகப்பந்து வீசும் பிள்ளை என்றால்

ஓவரை எண்ண வேண்டும். முன்கால் தரையில் ஊன்றும் நொடியில் உடல் எடையைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் விசை ஏறுகிறது. அதே நொடியில் முதுகு பின்னால் வளைந்து, சாய்ந்து, முறுக்குகிறது. ஒரு ஓவருக்கு ஆறு முறை.

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வயதுவாரியாக அளவு வைத்திருக்கிறது. 13 வயதுக்கு உட்பட்டவருக்கு ஒரு தடவை தொடர்ச்சியாக 5 ஓவர், நாளுக்கு 10. 15-க்கு உட்பட்டவருக்கு 6, நாளுக்கு 12. ஏழு நாளில் நான்கு நாளுக்கு மேல் வேகமாக வீசக்கூடாது, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் கூடாது. உங்கள் பள்ளியிலும் கிளப்பிலும் என்ன அளவு வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். நெட்ஸில் வீசுவதும் கணக்கில் சேரும் என்பதை இரண்டு கோச்சுக்கும் சொல்லுங்கள். பள்ளிக் கோச்சுக்கு அகாடமி கணக்கு தெரியாது, அகாடமிக்குப் பள்ளிக் கணக்கு தெரியாது. இரண்டையும் கூட்டத் தெரிந்தவர் வீட்டில் மட்டும்தான் இருக்கிறார்.

பிள்ளை முரண்டு பிடித்தால் ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பாட் கம்மின்ஸ் கதையைச் சொல்லுங்கள். 2011-இல் ஜோஹானஸ்பர்கில்தான் அவருக்கு முதல் டெஸ்ட், வயது 18. இரண்டாம் இன்னிங்ஸில் ஆறு விக்கெட். அடுத்த டெஸ்ட் 2017-இல், ராஞ்சியில். இடையில் முதுகெலும்பு விரிசல் திரும்பத் திரும்ப. அத்தனை வசதியும் மருத்துவமும் சுற்றி இருந்த ஒருவருக்கே ஐந்து ஆண்டுக்கு மேல் ஆனது. பும்ராவுக்கும் தென்னாப்பிரிக்காவின் அன்ரிக் நார்ட்யேவுக்கும் இதே முதுகுதான் பிரச்சினை.

கதவு நிலையில் உயரக் கோடு

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிள்ளையை நிறுத்திக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். உச்ச வளர்ச்சிக் காலத்தில் ஆண்டுக்கு 8 முதல் 10 செ.மீ. வரை உயரும். பெண்பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 12 வயதில், பையன்களுக்கு 14-ஐ ஒட்டி. மூன்று மாதத்தில் இரண்டு செ.மீ.க்கு மேல் ஏறினால், அந்தக் காலத்தில் குதிப்பதையும் பந்து வீசுவதையும் குறைத்து, நுட்பப் பயிற்சியைக் கூட்டச் சொல்லி கோச்சிடம் கேளுங்கள். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவன் திடீரென்று தடுமாறுவதும் இப்போதுதான். அவன் சோம்பேறியாகிவிட்டான் என்று திட்டாதீர்கள். கைகால் நீளம் மாறிவிட்டது, உடம்பு புதிதாகப் பழக வேண்டும்.

என் மகனின் கோடுகளைப் பின்னால் போய்ப் பார்த்தேன். வலி தொடங்கிய அந்த ஆகஸ்டுக்கு முன் அவன் மளமளவென்று வளர்ந்திருக்கிறான். கோடு சுவரில்தான் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

இருபது நிமிடம்

ஆட்டத்துக்கு முன் மைதானத்தைச் சுற்றி இரண்டு ஓட்டம் ஓடிவிட்டு வருவது உடம்பைத் தயார்ப்படுத்தாது. ஃபிஃபா 11+ என்றொரு பயிற்சித் தொகுப்பு இருக்கிறது. ஓட்டம், ஒற்றைக் காலில் நிற்பது, குதித்து மெத்தென்று இறங்குவது, வயிற்றுத் தசைக்குப் பலம் என்று இருபது நிமிடத்தில் முடியும். சிறுவர்களுக்கான வடிவத்தை நான்கு ஐரோப்பிய நாடுகளில் சோதித்தபோது காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. பந்து, மைதானம் தவிர எதுவும் தேவையில்லை, செலவில்லை. வாரம் இரண்டு முறையாவது செய்தால்தான் பலன்.

பெண்பிள்ளை நெட்பால் ஆடினால் இதை விட்டுவிடவே கூடாது. நெட்பாலில் பந்தைப் பிடித்த பிறகு ஓட முடியாது. காற்றில் பிடித்து, இறங்கிய இடத்திலேயே சட்டென்று நிற்க வேண்டும். அந்த நிற்றல்தான் முழங்காலைத் திருகுவது. ஒரே மாதிரி ஆட்டங்களில் ஏ.சி.எல். அறுவது பையன்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் நடக்கிறது. என் சின்னவள் ஒன்பது வயதில் நெட்பாலில் சேர்ந்தாள். முழங்கால் உள்பக்கம் சாயாமல், பாதத்துக்கு நேராக நிற்கும்படி இறங்குகிறாளா என்று படிக்கட்டின் கடைசிப் படியிலிருந்து குதிக்கச் சொல்லி அலைபேசியில் எடுத்துக் காட்டினேன். ஒரு மாதத்தில் திருந்திவிட்டது.

வலி வந்தால்

ஆடும்போது லேசாக வலித்து, முடிந்ததும் போய், மறுநாள் காலையில் இல்லை என்றால், அளவைக் குறைத்துக் கவனிக்கலாம். கீழே சொல்வதற்குக் காத்திருக்கக் கூடாது:

முதுகு வலி இரண்டு மூன்று வாரமாக இருக்கிறது, பின்னால் வளைந்தால் கூடுகிறது. எலும்பில் ஓர் இடத்தை விரலால் தொட்டால் "அங்கேதான்" என்கிறது பிள்ளை. மூட்டு வீங்கியிருக்கிறது, பூட்டிக்கொள்கிறது. இரவில் வலியால் விழிக்கிறது. காய்ச்சலும் சேர்ந்து வருகிறது. நொண்டுகிறது.

நொண்டலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பத்திலிருந்து பதினாறு வயதுக்குள், குறிப்பாகக் கொஞ்சம் எடை கூடிய பிள்ளைகளுக்கு, இடுப்பு மூட்டின் வளர்தட்டு நழுவுவது உண்டு. சிலருக்கு வலி தொடையிலோ முழங்காலிலோதான் தெரியும். முழங்கால் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தும் பிள்ளை நொண்டினால், இடுப்பையும் பார்க்கச் சொல்லி வற்புறுத்துங்கள். அன்றைக்கே பார்க்க வேண்டிய விஷயம் அது. அதுவரை காலை ஊன்ற விடாதீர்கள்.

முதுகு விரிசல் தொடக்கத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். வேகப்பந்து வீசுகிற பிள்ளை என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். சீக்கிரம் கண்டால் எலும்பு சேரும். தாமதித்தால் சேராமலேயே நின்றுவிடலாம்.

வலி மாத்திரை போட்டு ஆட அனுப்பாதீர்கள். சனிக்கிழமை காலை மைதானத்தில் ஏதோ ஒரு அம்மாவின் கைப்பையிலிருந்து இபுப்ரோஃபென் வெளியே வரும், நல்லெண்ணத்தோடுதான். வலி மறைந்தால் எலும்பு தன் குறையைச் சொல்ல வழியில்லாமல் போகிறது.

யாரிடம் போவது

இங்கே ஃபிசியோவிடம் நேராகப் போகலாம், மருத்துவர் சீட்டு கட்டாயமில்லை. பயோகினெடிசிஸ்ட் என்றொரு துறையும் இருக்கிறது. நம் ஊரில் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். காயம் ஆறிய பிறகு உடற்பயிற்சி மூலம் பழைய பலத்துக்குக் கொண்டுவருவது அவர்கள் வேலை. ஃபிசியோ முடிக்கும் இடத்தில் அவர் தொடங்குவார். இருவரும் ஹெச்.பி.சி.எஸ்.ஏ. என்ற தென்னாப்பிரிக்க மருத்துவத் தொழிலர் மன்றத்தில் பதிவு பெற்றவர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதிவு இல்லாமல் "ஸ்போர்ட்ஸ் மசாஜ்" செய்கிறவரிடம் எலும்பு வலியைக் கொண்டுபோகாதீர்கள்.

மெடிக்கல் எய்டு என்ற மருத்துவக் காப்புத் திட்டம் இருந்தால், எம்.ஆர்.ஐ.க்கு முன்கூட்டியே அனுமதி எண் வாங்க வேண்டுமா என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். இல்லாதவர்கள் அருகிலுள்ள அரசு கிளினிக்கில் தொடங்கினால் அங்கிருந்து மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். காத்திருப்பு நீளலாம். அந்த நாட்களில் பிள்ளை ஆடாமல் இருப்பதே பாதி வைத்தியம். நோட்டை எடுத்துப் போங்கள்: மணிக்கணக்கு, ஓவர் கணக்கு, உயரக் கோடுகள், வலி தொடங்கிய தேதி. எங்களுக்கு ஸ்கேன் எழுதிக்கொடுத்த மருத்துவர் அந்தக் கணக்கைக் கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை.

கோச்சிடம் பேசுவது

நமக்கு இதுதான் கடினம். குருவிடம் எதிர்த்துப் பேசுவதாகத் தோன்றும். ஆட்டம் நடக்கும்போது போகாதீர்கள், பயிற்சி முடிந்து தனியாகப் பேசுங்கள். "உங்கள் பயிற்சி பிடித்திருக்கிறது. இந்த வாரம் அவனுக்கு மொத்தம் பதினான்கு மணி ஆகிவிட்டது, வயது பதினொன்று. வியாழக்கிழமையை விட்டுவிடுகிறோம்." அவ்வளவு போதும். அனுமதி கேட்க வேண்டாம், தகவல் சொன்னால் போதும். நல்ல கோச் தலையாட்டுவார். வியாழன் வராவிட்டால் அணியில் இடமில்லை என்று மிரட்டுகிறவரிடம் பதினொரு வயதுப் பிள்ளையை விட்டுவைப்பது சரியில்லை என்பது என் முடிவு.

தொடக்கப்பள்ளியின் கடைசி ஆண்டான ஏழாம் கிரேடில் அழுத்தம் கூடும். உயர்நிலைப் பள்ளிகள் விளையாட்டுக்குப் பர்சரி, அதாவது உதவித்தொகை, தரும், அதற்குப் பதின்மூன்று வயதிலேயே மின்ன வேண்டும் என்ற பேச்சு பெற்றோர் நடுவே ஓடும். கட்டணச் சுமை உண்மையானது, ஆசையும் நியாயம். ஆனால் பதின்மூன்றில் பெரிதாகத் தெரிகிற பையன் பலநேரம் சீக்கிரம் வளர்ந்தவன் மட்டும்தான். இரண்டு மூன்று ஆண்டில் மற்றவர்கள் எட்டிப்பிடிப்பார்கள். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே நடக்கும் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தில் ஓட குறைந்தது இருபது வயது ஆகியிருக்க வேண்டும். இந்த நாட்டின் பெருமைக்குரிய ஓட்டத்துக்கே அவ்வளவு பொறுமை வைத்திருக்கிறார்கள்.

சாப்பாடு, தூக்கம்

சுருக்கமாகச் சொல்கிறேன். பயிற்சி நாளில் பசியோடு படுக்கக் கூடாது. பால், தயிர், இங்கே கிடைக்கும் அமாசி என்ற புளித்த பால், கேழ்வரகு, சுகர் பீன்ஸ் கறி, பருப்பு, முட்டை: நம் சமையலறையில் இருப்பதே போதும். புரட்டாசியில் கவிச்சி நிறுத்தினால் பீன்ஸையும் பருப்பையும் கூட்டுங்கள். புரதப் பொடி டப்பா வேண்டாம். ஒன்பது மணி நேரத் தூக்கத்துக்கு இணையாக எதுவுமில்லை.

பெண்பிள்ளைக்குப் பதினைந்து வயதாகியும் மாதவிடாய் வரவில்லை, அல்லது வந்தது மூன்று மாதமாக நின்றுவிட்டது என்றால், "விளையாடுற பொண்ணுதானே" என்று விட்டுவிடாதீர்கள். உடம்புக்குப் போகும் சாப்பாடு உழைப்புக்குப் போதவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். எலும்பு மெலிவதும் விரிவதும் அதன் பின்னால் வரும். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

மறுபடி மைதானத்துக்கு

வலி போய்விட்டது என்பதற்காக விட்ட இடத்திலிருந்து தொடங்கக்கூடாது. மகனுக்கு அக்டோபரில் விரிசல் தெரிந்தது. மூன்று மாதம் ஓட்டமே இல்லை. அந்தக் கோடையில் அவன் ஸ்கோர் எழுதினான். அதன்பிறகு பயோகினெடிசிஸ்ட் ஒரு தாள் கொடுத்தார். முதலில் முதுகுக்கும் இடுப்புக்கும் பலம், பிறகு நேர் ஓட்டம், பிறகு நின்ற இடத்திலிருந்து பந்து, பிறகு பாதி ஓட்டத்தில் பன்னிரண்டு பந்து. ஒரு நாள் வீசினால் அடுத்த நாள் கட்டாய ஓய்வு. மறுநாள் காலையில் வலியில்லை என்றால் அடுத்த படி. வலித்தால் ஒரு படி கீழே, ஒரு வாரம் அங்கேயே. அந்தத் தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தோம், அவனே டிக் போடுவான். உங்கள் பிள்ளைக்கு எண்கள் வேறாக இருக்கும், அவற்றைச் சிகிச்சை தருகிறவர்தான் சொல்ல வேண்டும். தாள் என்று ஒன்று எழுத்தில் இருக்கட்டும், கோச்சிடமும் ஒரு நகல் இருக்கட்டும்.

முழு ஓட்டத்தில் அவன் மறுபடி வீசியது மார்ச் முதல் வாரம், பருவத்தின் கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில். இரண்டு ஓவர் முடிந்ததும் யாரும் சொல்லாமலே பந்தைக் கேப்டனிடம் கொடுத்துவிட்டு ஃபைன் லெக்கில் போய் நின்றுகொண்டான். ஏப்ரலில் ஹாக்கி மட்டை வாங்கினோம்.